தயங்கினால் ஐந்து

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, தண்ணீர் போதும். நான் அதிகம் பேசிப் பழகியவள் இல்லை. மெதுவாகத்தான் சொல்ல வரும்.

என் பெயர் வெனிலா. பி.எஸ்சி. விலங்கியல். திண்டிவனத்தில், மல்லாட்டைக் கடலை மண்டிக்கு மேல்மாடியில் இருக்கும் ஆய்வு அலுவலகத்தில் வேலை. சுயகட்டுப்பாடு இல்லாததால்தான் குற்றம் நடக்கிறதா, எல்லாச் சாதியிலும் அது ஒன்றுபோல்தானா என்பது ஆய்வு. 'கோபம் வந்தால் கை ஓங்கிவிடுவேன்' என்று வினாத்தாளிலிருந்து வாசிப்போம். இல்லவே இல்லை என்றால் ஒன்று. ஆமாம் என்றால் ஐந்து.

கெடார் காலனியில் சித்தார்த்தன் என்ற பெயிண்டர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "இல்லீங்க" என்றார். ஒன்று போட்டேன். மேற்பார்வையாளர் கோகுலகிருஷ்ணன் அதை அடித்து ஐந்து ஆக்கினார்.

"காலனிக்காரன் யோசிச்சா பொய் சொல்றான்னு அர்த்தம். ஊர்க்காரங்க யோசிச்சா நிதானம், ஒண்ணு போடு. இதுக்குப் போய் பேஜாரு பண்ணிக்கினு இருக்காத."

"நானும் காலனிதான் சார்."

"நீ சர்ச்சுப் பொண்ணும்மா. அடிச்சாக்கூட தேங்க்ஸ் சொல்லுவ."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

பதினொரு நாள் பொறுத்தேன். உடனே செய்திருந்தால், காலனிக்காரர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்ற அவருடைய அட்டவணை சரியென்று ஆகியிருக்கும். திங்கட்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த எடைக்கல்லை எடுத்தேன். நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிது என்று படித்திருக்கிறேன்.

பிறகு கை கழுவிக்கொண்டு, சித்தார்த்தனின் தாளை மேசைமேல் வைத்தேன். அந்த ஐந்தை நீங்களும் நம்புவீர்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. மாலையே கெடாருக்குப் போய் அவரைப் பிடித்து வந்தீர்கள். ஆறு நாளாக அடிக்கிறீர்கள். வலது கை உடைந்துவிட்டது என்று அவர் மனைவி கலைப்பிரியா இந்த வாசலில் விழுந்து அழுததை, எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். தினமும் வந்தேன். உள்ளே வரவில்லை. ஒருநாள் முடிவை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. அதற்கும் கட்டுப்பாடு வேண்டும்.

இன்று வந்தபோது, "போம்மா, பொண்ணு நீ எங்க அடிக்கப்போற" என்றீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு திருத்தம் மட்டும். என் வாக்குமூலத்தில் 'ஆத்திரத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். நான் மூன்றே முறைதான் அடித்தேன், நிதானமாக, ஒவ்வொன்றாக எண்ணி. பிரேதப் பரிசோதனையில் முப்பத்தொரு காயம் என்று இருப்பதாகச் சொன்னீர்கள். டாக்டர் தவறாக எண்ணியிருப்பார்.