உள்பூச்சு

இல்ல தம்பி, பக்கத்துக் கட்டில்காரன் சொல்றேன், மூத்திர டியூப் போடுறப்ப அவ்வளவா வலிக்காது. மானம்தான் கொஞ்சம் வலிக்கும். எனக்குக் காலையிலதான் அதைக் கழட்டினாங்க. மத்தியானத்துக்குள்ள நானா ஒண்ணுக்குப் போயாகணும், இல்லன்னா மறுபடியும் சொருகிடுவேன்னு நர்சம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதான் பாட்டில் பாட்டிலா தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்திருக்கேன். சிரிங்க, சிரிங்க. அறுபதைத் தாண்டினப்புறம் எனக்கு வந்த பரீட்சையைப் பாருங்க. நடுவுல போன் வந்தா எந்திரிச்சிடுவேன், தப்பா நினைக்காதீங்க.

என்ன ஆச்சா? முதல்ல ஒண்ணுக்கு வராமத்தான் டியூப் போட்டாங்க, அப்புறம் கிருமி. புரோட்டியஸாம். டாக்டர் பேரைச் சொன்னதும் யாரோ பெரிய இடத்து மாப்பிள்ளைன்னு நினைச்சேன். அது டியூபுக்குள்ள குடியேறி, மூத்திரத்துல இருக்கிற உப்பையெல்லாம் கல்லாக்கிப் பூசிடுமாம். பாதை அடைச்சுக்கிச்சு, குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டுச்சு. கழட்டின டியூபைக் காட்டுனாங்க. உள்ள சுத்திவர வெள்ளையா, சும்மா சொல்லக்கூடாது, என்னா ஒரு பூச்சு! நான் கொத்தனார் தம்பி. என் ஆளுங்கள்ல ஒருத்தன்கூட இவ்வளவு சீரா பூசுனதில்ல.

எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க, வெக்கக்கேடு. சரி, கேட்டுட்டீங்க. மூத்திரம் சேர்ற பையை இடுப்புக்குக் கீழயே தொங்கவிடணும்னு நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அப்பப் பாத்து என் ஆளுங்க பாக்க வந்துட்டானுங்க. மேஸ்திரி மூத்திரப் பையும் கையுமா உக்காந்திருந்தா நாளைக்கு எவன் மதிப்பான்? தூக்கி நெஞ்சு மேல வச்சு, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன். அவனுங்க லேசுல கிளம்புறவனுங்களா? ஊர்க் கதையெல்லாம் பேசுனானுங்க. பையில இருந்தது திரும்பி உள்ள போயிருக்கு, கிருமியையும் கையோட கூட்டிக்கிட்டு. அதான் காரணமா இருக்கும்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு.

இதுல கூத்து என்னன்னா, நான் சுவருக்கு மட்டம் பாக்கிறதே டியூப்ல தண்ணி ஊத்தித்தான். ஒரு முனையைத் தூக்கினா தண்ணி மறுமுனைக்கு ஓடும்னு எங்கிட்ட வேலைக்குச் சேந்த அன்னிக்கே எவனா இருந்தாலும் சொல்லிக் குடுத்துடுவேன். ஊரான் வீட்டுக்கெல்லாம் மட்டம் பாத்தவனுக்குத் தன் வயித்துக்கு மட்டம் பாக்கத் தெரியல. மத்தவனுக்கு மண்டையில களிமண்ணு, எனக்கு சிமெண்டு. நல்லா இறுகிடுச்சு.

இப்ப வருதான்னா? எங்க! வர்ற மாதிரி இருக்கு, எந்திரிச்சுப் போனா வாசல்லயே நின்னுக்குது.

கூட யாரா? என் மகதான் இருந்தா. இப்பத்தான் ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு, நாளைக்குச் சேரலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்பாவுக்கு டியூப் இருக்கிற வரைக்கும் நான் எங்கயும் போகலன்னு ஒத்தக் கால்ல நின்னா. அம்மா இல்லாம வளந்த பொண்ணு. என் மண்டைதான் அவளுக்கும். ஒண்ணுக்கு நல்லாப் போயிடுச்சும்மான்னு பொய் சொல்லித்தான் கிளப்பிவிட்டேன்.

நம்பினாளாவது! வண்டி எடுக்கிறதுக்குள்ள கூப்பிடுறேன், நீ ஒண்ணுக்குப் போற சத்தம் எனக்குப் போன்ல கேக்கணும்னுட்டா. கேட்டாத்தான் ஏறுவாளாம், இல்லன்னா திரும்பி வந்துடுவாளாம்.

இந்தா, போன் அடிக்குது பாருங்க. அவதான். தம்பி, கொஞ்சம் பாத்ரூம் வரைக்கும் வாங்களேன். நான் போனைக் கிட்ட பிடிச்சுக்கிறேன், நீங்க அந்தக் குழாயைத் திறந்துவிடுங்க. ஐயோ, மெதுவா! அவ்வளவு வேகம் வச்சா கண்டுபிடிச்சிடுவா. என் வயசுக்குத் தகுந்த மாதிரி திறங்க.