முட்டை மார்க்குக்கு ஒரு புகார்

நிர்மலா: மறுபடியும் போடுங்க சார்.

ராஜேஷ்குமார்: எத்தினி வாட்டி மேடம்? அந்தம்மா கைய ஆட்டுது, பொண்ணு தப்பா சொல்லுது, நான் முட்டை போட்டேன். முடிஞ்சிச்சி.

நிர்மலா: முடிஞ்சிருந்தா எனக்கு ஏன் புகார் வருது? புகார்னு வந்துட்டா நான் பதில் சொல்லியாவணும். அதுக்குத்தான் சம்பளம்.

ராஜேஷ்குமார்: எனக்கு ஒரு டீயாவது சொல்லக் கூடாதா...

நிர்மலா: சொல்றேன். மொதல்ல வீடியோ. இது எந்தப் பரீட்சை, யாரு, இன்னா... எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சிக்கினு சொல்லுங்க.

ராஜேஷ்குமார்: ம்... சைகை மொழிபெயர்ப்பாளர் சர்டிபிகேட்டு, செய்முறைத் தேர்வு. பொண்ணு பேரு தமிழ்ப்ரியா, தியாகதுருகம். காது கேக்காதவங்க ஒருத்தர் டாக்டர்கிட்ட வர்றாப்புல நடிப்பாங்க. அவங்க கையால சொல்றத இந்தப் பொண்ணு வாயால டாக்டருக்குச் சொல்லணும். டாக்டர் கேக்கறத திரும்பக் கையால அவங்களுக்குச் சொல்லணும். போதுமா, இல்ல என் ஜாதகமும் வேணுமா?

நிர்மலா: நடிக்க வந்த அம்மா?

ராஜேஷ்குமார்: குஞ்சம்மாள். கல்வராயன் மலை, வேங்கைக்காடு. பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. புக்குல இருக்கிற சைகை இல்லாம, ஊருல பேசற கை எப்படி இருக்கும்னு பசங்களுக்குத் தெரியணுமேன்னு நான்தான் கூட்டிக்கினு வந்தேன். படம் போட்ட அட்டை காட்டினோம். கால் வலி, நடக்க முடியல... அத நடிச்சிக் காட்டணும்.

நிர்மலா: காட்டிச்சா?

ராஜேஷ்குமார்: இதோ பாருங்க. காலத் தொடுது. கை நடுங்குது. ரெண்டு வெரல நடக்கறாப்புல வைக்குது. மத்த பசங்க அத்தினி பேரும் 'கால் வலிக்குது, நடக்க முடியல'ன்னு கரெக்டா சொல்லிட்டாங்க. இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது, கேளுங்க...

நிர்மலா: 'மலை நடக்குது. என் காலுக்குத் தெரியுது.'

ராஜேஷ்குமார்: ஆங்! டாக்டர்கிட்ட போயி மலை நடக்குதுன்னா ஊசி யாருக்குப் போடுவாரு? மலைக்கா?

நிர்மலா: இருங்க, நிறுத்துங்க... அந்தம்மா ரெண்டு கையையும் தலைக்கு மேல கூம்பா வச்சிச்சே. அது கால் வலியில எங்க வருது?

ராஜேஷ்குமார்: அது... தலவலியா இருக்கும்.

நிர்மலா: அட்டையில தலவலி இருந்துச்சா?

ராஜேஷ்குமார்: ...இல்ல.

நிர்மலா: மத்த பசங்க வீடியோவ போடுங்க.

ராஜேஷ்குமார்: அதுல புகாரே இல்லயே மேடம்.

நிர்மலா: போடுங்க சார். ம்... 'எந்தக் கால்ல வலி'ன்னு டாக்டர் கேக்கறாரு. பையன் கையால கேக்கறான். குஞ்சம்மா இன்னா பண்ணுது?

ராஜேஷ்குமார்: தலைய ஆட்டுது. இல்லன்னு.

நிர்மலா: அடுத்தது.

ராஜேஷ்குமார்: இதுலயும்... தலைய ஆட்டிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது.

நிர்மலா: அடுத்தது.

ராஜேஷ்குமார்: மேசைய தட்டுது. காலு... நடுக்கம்... கூம்பு... வெரலு... மேடம், எல்லார்கிட்டயும் இதே வரிசைதான்.

நிர்மலா: அது நடிக்கல சார். அட்டைய கீழ வச்சிட்டு வேற எதையோ சொல்லியிருக்குது. வர்றவங்க எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப அதையே சொல்லியிருக்குது.

ராஜேஷ்குமார்: தமிழ்ப்ரியாகிட்ட?

நிர்மலா: நீங்களே பாருங்க. தலைய ஆட்டல. அந்தப் பொண்ணு கைய புடிச்சிக்கினு... விடவே மாட்டேங்குது.

ராஜேஷ்குமார்: மேடம், நான் எதிர்லதான உக்காந்திருந்தேன்.

நிர்மலா: நாளைக்கு மலைக்குப் போறேன். அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க.

ராஜேஷ்குமார்: இந்த மழையிலயா? மார்க்குப் புகாருக்கு மலையேறணும்னு எங்க எழுதியிருக்குது?

நிர்மலா: ஏறக் கூடாதுன்னும் எழுதல.

* * *

தமிழ்ப்ரியா: பார்த்து வாங்க மேடம், வழுக்கும். அதோ, கடைசி வூட்டு வாசல்ல நிக்கிறாங்களே, அவங்கதான்.

நிர்மலா: உன்னப் பார்த்ததும் ஓடியாந்து கட்டிப் புடிக்குது! ரொம்ப நாள் பழக்கம் மாதிரி...

தமிழ்ப்ரியா: பரீட்சையில பார்த்ததுதான் மேடம்.

நிர்மலா: ஒரு நாள் பார்த்ததுக்கா?

தமிழ்ப்ரியா: எங்க அப்பாவும் இப்படித்தான் மேடம். காது கேக்காது. கரும்பு ஆலைக்கு லோடு ஏத்தறாரு. நான் பேசப் பழகினதே அவரு கையப் பார்த்துதான். அந்தக் கை தெரிஞ்சவங்க யாருன்னு இவங்களுக்குச் சட்டுன்னு தெரிஞ்சிடும்.

மாதன்: வாங்க, வாங்க. எங்க ஊமச்சியப் பார்க்கவா கள்ளக்குறிச்சியிலேர்ந்து வந்தீங்க?

தமிழ்ப்ரியா: பேரு சொல்லுங்கண்ணே.

மாதன்: கூப்ட்டா கேக்கவா போவுது? எங்க அக்காதாம்மா. நான் மாதன், ஊருல நல்லது கெட்டது பார்க்கறவன். பரீட்சையில எதுனா தப்பு பண்ணிடிச்சிங்களா?

நிர்மலா: தப்பெல்லாம் இல்லங்க. அன்னிக்கு இன்னா சொன்னாங்கன்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். தமிழ்ப்ரியா, கேளும்மா.

தமிழ்ப்ரியா: ...மழ பேயறப்ப ஒண்ணுமில்ல. மழ நின்னப்புறம்தான் வருது. நான் வெறுங்கால்ல நிக்கிறேன். அடியில எதுவோ போவுது.

நிர்மலா: நீயா, அவங்களா?

தமிழ்ப்ரியா: அவங்க 'நான்'னா நானும் 'நான்'னுதான் மேடம் சொல்லணும். அப்படித்தான் வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க... சொல்றாங்க, இருங்க. வண்டி வந்தா எனக்குக் காலுல தெரியும். மாடு ஓடுனா தெரியும். இது வண்டி இல்ல, மாடு இல்ல. பெரிசு. மெதுவா போவுது, நிக்குது. மறுபடி போவுது. ஆடி மாசத்துலேர்ந்து போய்க்கினே இருக்குது.

மாதன்: அது எப்பவும் காலத் தட்டிக் காட்டிக்கினுதாங்க இருக்கும். வயசாவுது இல்ல.

தமிழ்ப்ரியா: வூட்டுக்குப் பின்னால வாங்கன்றாங்க, மேடம்.

நிர்மலா: இந்தப் பலா மரம் இப்படித்தான் சாஞ்சி இருக்குமா?

மாதன்: போன வருசம் நேராதாங்க நின்னுச்சி.

நிர்மலா: இந்த வெடிப்பு?

மாதன்: வெயில்ல வெடிக்கறதுதான்.

நிர்மலா: மழையில எப்படிங்க வெயில் வெடிப்பு? எம்மாந்தூரம் போவுது பாருங்க... எல்லா வூட்டுக்கும் பின்னால வளைஞ்சி, ஓடை வரைக்கும்... மாதண்ணே, ஒங்க கையில இருக்கிற கொம்ப உள்ள வுடுங்க.

மாதன்: ...முட்டலயே.

நிர்மலா: இன்னும் வுடுங்க.

மாதன்: கை வரைக்கும் போயிடிச்சி. அடியே இல்லீங்க.

தமிழ்ப்ரியா: செருப்பக் கழட்டச் சொல்றாங்க மேடம். ரெண்டு காலையும் அழுத்தி வச்சி, கண்ண மூடிக்கணுமாம்.

நிர்மலா: ஒண்ணும் தெரியலயே...

தமிழ்ப்ரியா: மூச்ச அடக்கச் சொல்றாங்க.

நிர்மலா: ...

தமிழ்ப்ரியா: மேடம்?

நிர்மலா: பேசாத... யப்பா. யப்பா! இது இன்னாது? ஒரு ஆனை தூக்கத்துல பொரள்றாப்புல...

மாதன்: எனக்கும் தெரியுதுங்க. சாமி... எனக்கும் தெரியுது.

நிர்மலா: ஊருல எத்தினி வூடு?

மாதன்: சின்ன ஊருதாங்க. ஒரு பக்கத்துலேர்ந்து கூப்ட்டா மறுபக்கம் கேக்கும்.

நிர்மலா: எல்லாரும் இன்னிக்கே கெளம்பணும். எதிர் மேட்டுப் பள்ளிக்கூடத்துல தங்கணும். ஆடு, மாடு, பிள்ளைங்க எல்லாம்.

மாதன்: தினை அறுப்புக்கு நிக்குதுங்க. வெடிப்புக்குப் பயந்துகினு வூட்டப் பூட்டுன்னா யாரும்மா வருவாங்க?

நிர்மலா: மேலிடத்து உத்தரவு. மீறினா போலீசு வரும்னு சொல்லுங்க. பொறுப்பு என்னுது.

மாதன்: உத்தரவா... அப்ப சரி. ஏய் அக்கா, இன்னா அவசரம் உனக்கு? வூடு வூடா ஓடி கையப் புடிச்சி இழுக்குதே!

தமிழ்ப்ரியா: அவங்கள நிறுத்தாதீங்கண்ணே. கூட ஓடுங்க.

* * *

மாதன்: ராவெல்லாம் ஒண்ணும் ஆவல. விடிஞ்சி, மழையும் வுட்டுடிச்சி. வூட்டுக்குப் போறோம்னு சனங்க முணுமுணுக்குது. நான் இன்னா பதில் சொல்ல?

நிர்மலா: மத்தியானம் வரைக்கும் பொறுங்க.

மாதன்: அப்பால?

நிர்மலா: அப்பால... பார்க்கலாம்.

தமிழ்ப்ரியா: மேடம், குஞ்சம்மா எழுந்து நின்னுட்டாங்க.

நிர்மலா: இன்னா சொல்றாங்க?

தமிழ்ப்ரியா: ஒண்ணும் சொல்லல. கை ரெண்டையும் கீழ வுட்டுட்டாங்க. அங்கயே பார்க்கறாங்க.

மாதன்: அந்தப் பலா மரம்... அது முன்ன அங்கயா இருந்துச்சி?

நிர்மலா: எங்க?

மாதன்: என் வூட்டுக்கு மேலதான... இப்ப கீழ நிக்குது! நின்ன வாக்குலயே போவுதே! ஒரு எல கூட ஆடாம போவுதே!

தமிழ்ப்ரியா: மூங்கில் புதரும் போவுது மேடம். பாறை... பாறை எல்லாம்...

நிர்மலா: சத்தமே இல்லயே. இவ்ளோ பெரிசு, சத்தமே...

மாதன்: பிள்ளைங்களப் புடிங்க! எல்லாம் பின்னால போங்க! இதோ வருது சத்தம்!

தமிழ்ப்ரியா: மேடம், என் கையப் புடிச்சிக்குங்க!

மாதன்: போயிடிச்சி. வூடு, காடு... ஓடையக் கூட காணோமே. எம்மாம் பெரிய வாய வச்சிக்கினு இருந்துச்சி இந்த மலை.

நிர்மலா: ஆளுங்க எல்லாம் இருக்காங்களா? நல்லா பார்த்துச் சொல்லுங்க.

மாதன்: இருக்காங்க. வூட்டுக்கு வூடு பேரு சொல்லிக் கூப்ட்டாச்சி. எல்லாம் இங்கதான் நிக்குது. ஒரு ஆட்டுக்குட்டி கூட அங்க இல்லீங்க.

நிர்மலா: அழாதீங்க.

மாதன்: அழலீங்க. இத்தினி மாசமா எங்க அக்கா காலத் தட்டித் தட்டி என்கிட்டயும் இதையேதான் சொல்லிச்சா?

தமிழ்ப்ரியா: ஆமாண்ணே.

மாதன்: பசிக்குதாக்கும்னு நான் கஞ்சி ஊத்திக் குடுத்துகினு இருந்தேன். அதுவும் குடிச்சிட்டு, திரும்பக் காலத் தட்டும்... ஏம்மா, கையால 'அக்கா'ன்னு எப்படிச் சொல்லணும்?

தமிழ்ப்ரியா: அவங்க பக்கத்துல போங்கண்ணே. அவங்களே சொல்லிக் குடுப்பாங்க.

நிர்மலா: ...தமிழ்ப்ரியா, இப்படி உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிடாத.

தமிழ்ப்ரியா: சொல்லுங்க மேடம்.

நிர்மலா: உத்தரவுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. நேத்து நான் கலெக்டர் ஆபீசுக்கு போன் பண்ணப்ப 'ஆளு அனுப்பிப் பார்க்கறோம்'னுதான் சொன்னாங்க. நான் யாரு, பரீட்சைப் புகார் பார்க்கறவ. ஒரு ஊர காலி பண்ணச் சொல்ல எனக்கு இன்னா அதிகாரம்? ராத்திரி பூரா, மலை அசையாம இருந்துட்டா என் வேலை போச்சின்னு நெனச்சேன். அசஞ்சாலும்... ஐயோ, நான் எதுக்கு வேண்டிக்கினேன்னே எனக்குத் தெரியல.

தமிழ்ப்ரியா: ...அது பொய்யின்னு எனக்குத் தெரியும் மேடம். நீங்க சொல்றப்ப உங்க மூஞ்சில இருந்துச்சி.

நிர்மலா: தெரிஞ்சிக்கினேதான் அத குஞ்சம்மாவுக்குக் கையால சொன்னியா!

தமிழ்ப்ரியா: நீங்க சொன்னத அப்படியே சொல்லணும். அதுதான மேடம் வேல?

நிர்மலா: இந்த வாயி இருக்குதே... சரி, உன் விஷயத்துக்கு வரேன். ராஜேஷ்குமார் சார் காலைலயே போன் பண்ணாரு. முட்டைய அடிச்சிட்டு முழு மார்க்கு போடச் சொல்றாரு. உன் புகார் சரின்னு நான் முடிச்சிடறேன்.

தமிழ்ப்ரியா: வேணாம் மேடம்.

நிர்மலா: இன்னா வேணாம்?

தமிழ்ப்ரியா: மார்க்க மாத்தாதீங்க. சார் போட்டது சரிதான்.

நிர்மலா: உனக்குப் பைத்தியமா? எதிர்ல பாரு. மலையே வந்து சாட்சி சொல்லியிருக்குது.

தமிழ்ப்ரியா: அன்னிக்கு எனக்கே ஒண்ணும் புரியல மேடம். கூம்பு காட்டுனாங்க, 'மலை'ன்னேன். வெரல் நடந்துச்சி, 'நடக்குது'ன்னேன். எதுனா ஒளறுறாங்கன்னுதான் நெனச்சேன். திருப்பி ஒரு கேள்வி கேக்கணும்னு கூட தோணல. அவங்க என் கையப் புடிச்சப்ப, எப்படா வுடுவாங்கன்னு இருந்துச்சி.

நிர்மலா: அப்ப நேத்து அவங்க சொன்னதெல்லாம்...

தமிழ்ப்ரியா: கைய வுட்டப்புறமும் அந்தப் புடி போவல மேடம். நீங்க கேட்டப்ப பரீட்சையில மட்டும் பார்த்தேன்னு சொன்னேன் இல்ல, அது பொய்யி. பஸ் ஏறி இங்க தனியா வந்தேன், அன்னிக்கு மாதண்ணே ஊருல இல்ல. செருப்பக் கழட்டிட்டு அவங்க கூட நின்னேன். அப்பதான் புரிஞ்சிச்சி.

நிர்மலா: அப்பறம் எதுக்கும்மா மார்க்கு கேட்டுப் புகார் போட்ட?

தமிழ்ப்ரியா: மலைக்குன்னு நான் எழுதுன எந்த மனுவுக்கும் ஒரு ஆள் கூட வரல மேடம். மார்க்குன்னு எழுதினேன், நீங்க வந்தீங்க.