முகம் கழுவுற காட்சி

இல்ல சார், நீங்க பேசக் கூடாது. உதடு அசைஞ்சா பிரஷ் விலகிடும். கண்ணையும் மூடிக்குங்க, தூள் விழுந்தா எரியும். படத்தோட டைரக்டர் கூப்பிடுற வரைக்கும் நான் பேசுறேன், நீங்க சும்மா கேட்டுட்டிருங்க. மீட்டிங்ல உங்களுக்கு இந்த வாய்ப்பெல்லாம் கிடைக்காதுல்ல.

நல்ல தோல் சார் உங்களுக்கு. ஐஸ் வைக்கல, நெஜமாவே. இத்தன வருஷம் எண்ணெய்க் கிணறுகள நிர்வாகம் பண்ணியிருக்கீங்க, கன்னத்துல ஒரு புள்ளி கிடையாது. குடிக்கிற தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் வெளியூர்லேர்ந்து வந்திருக்கும்.

நானா? நான் உங்க கிணறுகளுக்குப் பக்கத்துத் தெருதான் சார். கழிவெண்ணெயக் கொட்டி வைக்கக் குழி வெட்டி, அடியில பிளாஸ்டிக் விரிச்சிருந்தீங்களே, அதுக்கு நேர் பின்னாடி. பிளாஸ்டிக் கிழிஞ்சுது. எங்க அடிபம்புத் தண்ணியில பளபளன்னு என்னவோ மிதக்க ஆரம்பிச்சுது. என் தங்கச்சிக்குக் கன்னம், கழுத்தெல்லாம் கறுத்துத் தோல் உரிஞ்சுது. உங்க கம்பெனி டாக்டர் பார்த்துட்டு, சோப்பு ஒத்துக்கலன்னார். வீட்டுல சோப்பே இல்லாத மாசம் சார் அது.

தெருவே சேர்ந்து கேஸ் போட்டோம். அப்பத்தான் நீங்களும் ஒரு படம் எடுத்தீங்க. ஆமா, இதே மாதிரி ஆவணப்படம்தான். எங்க தண்ணி எவ்வளவு சுத்தம்னு காட்டுற படம். ஞாபகம் வந்துடுச்சா? புருவத்தச் சுருக்காதீங்க, கோடு விழும்.

அதுல பம்படியில சிரிச்சுகிட்டே முகம் கழுவுதே ஒரு பொண்ணு, அது என் தங்கச்சி. மேக்கப்புக்குன்னு உங்க ஆளுங்க ஒரு அம்மாவக் கூட்டிட்டு வந்தாங்க. கன்னத்துல கை வச்சாங்க, ஒரு தழும்பு தெரியாம மூடிட்டாங்க. நான் பக்கத்துல நின்னு வாயப் பொளந்து பார்த்துட்டிருந்தேன். இந்தத் தொழில நான் கத்துக்கிட்டதே அங்கதான்.

ஆனா தண்ணி பட்டா எல்லாம் கரைஞ்சிடுமே. நீங்கதான் கிட்ட நின்னீங்க. கையில அள்ளு, முகத்துகிட்ட கொண்டு போ, போதும், நிறுத்துன்னீங்க. அடுத்த காட்சியில துண்டால ஒத்துறா. நடுவுல கழுவவே இல்ல. அதக் கோர்ட்டுல போட்டுக் காட்டுனீங்க, எங்க கேஸ் ஊத்திக்கிச்சு. படம் பிடிச்ச வரைக்கும் தெருவுக்கு லாரித் தண்ணி வந்துச்சு. கேமரா வண்டி கிளம்புச்சு, லாரியும் நின்னு போச்சு. ஒரு லாரித் தண்ணிக்குத் தெருவையே வித்துட்டாளேன்னு அவகிட்ட ஒருத்தரும் முகங்கொடுத்துப் பேசல. இன்னிக்கு வரைக்கும் பேசல சார்.

இதோ, கூப்பிட்டுட்டாங்க. இருங்க, இன்னும் ஒரே ஒரு தடவ.

உங்களுக்கு எதிர் நாற்காலியில அவதான் உக்காரப் போறா. காலையில நானே மேக்கப் போட்டு விட்டேன், அந்தம்மா போட்ட மாதிரியே. முன்னாடி ஒரு பேசின்ல தண்ணி வச்சிருக்காங்க. உங்க கண்ணு முன்னாலயே கழுவுவா, முழுசா. நீங்க பதில் எதுவும் சொல்லணும்னு இல்ல. எழுந்து போகணும்னாலும் தாராளமாப் போங்க, அதையும் எடுத்துப்பாங்க. ரெண்டு கேமராவுல ஒண்ணு உங்க முகத்த மட்டும்தான் பார்த்துட்டிருக்கும்.

கண்ணாடியா? அது எதுக்கு சார். உங்க முகத்துல நான் ஒண்ணுமே பூசல. இவ்வளவு நேரமும் வெறும் பிரஷ்தான். எந்த நிறத்துக்கு மாறுனாலும் அப்படியே தெரியட்டும்னு.