குண்டனின் கடைசி ஆசை

டாக்டர், நான் எதற்கும் அவசரப்படுகிற ஆள் இல்லை. பதினெட்டு வருடமாகத் தபால் அலுவலகத்தில் பார்சல் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையில் யார் எகிறினாலும் நான் பாட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டிருப்பேன்.

என் மச்சானின் சீட்டில் 'நாய்க்கடி' என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னது என் மனைவி. எங்கள் நாய் குண்டனைப் பத்து நாள் கூண்டில் வைத்து, வெறி இருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். குண்டனுக்குத் தாடையில் புற்றுநோய், டாக்டர். பத்து நாளெல்லாம் அதற்குக் கிடையாது. இருக்கிற நாளை அது என் பக்கத்தில் கழிக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

நாய் டாக்டர் கைவிரித்த அன்று ஒன்று சொன்னார்: "இனிமே பத்தியம் எதுவும் வேண்டாம். அது ஆசைப்படறதச் செஞ்சு குடுங்க."

நான் சொன்ன சொல் தட்டாதவன். குண்டனின் ஆசைகளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். சோபாவை அதற்குக் கொடுத்துவிட்டு நான் தரைக்கு வந்தேன். ஐஸ்கிரீம் ஊட்டினேன். ஓடும் காரில் தலையை வெளியே நீட்டுவது அதற்கு உயிர். எங்களிடம் கார் இல்லை. டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வைத்து, வாயால் ஹாரன் அடித்தேன். அது கண்ணை மூடிக் காற்று வாங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாக்கி ஒன்றுதான். மச்சானைக் கடிப்பது.

அந்த வரியைப் படித்துவிட்டு மனைவி, "இது அதோட ஆசையா, உங்க ஆசையாங்க?" என்று கேட்டாள். எழுதியது என் கை, அவ்வளவுதான்.

அவளுடைய அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் அரைக்கால் சட்டையோடு வருவார். என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு நாய் வளர்க்கத் தெரியவில்லை என்பார். படுக்கையில் விழும்வரை, ஒன்பது வருடமாகக் குண்டன் அரைமணி முன்பே வாசலுக்குப் போய் அவருக்காகக் காத்திருக்கும். வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலடியிலேயே கிடக்கும். நான் கூப்பிட்டாலும் வராது. அது பாய்வதற்கான பதுங்கல் என்பது வேறு யாருக்கும் புரியவில்லை.

நேற்று அவர் அதைக் கடைசியாகப் பார்க்க வந்தார். குண்டனைத் தூக்கி, அதன் வாயை அவர் கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நக்கியது. கடிக்கத் தாடையில் தெம்பில்லை, பாவம்.

அவர் அதன் தலையைத் தடவி, "எங்கிட்டதான் இதுக்கு உசுரு, இல்ல மாப்ள?" என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். முட்டி போட்டுக் கடித்தேன். அளவாகத்தான். மனைவி மூன்றாவது முறை "விடுங்க" என்றதும் விட்டுவிட்டேன். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று அவள்தான் பழியைக் குண்டன் மேல் போட்டாள். சந்தேகம் இருந்தால் என் பல்லை அளந்து பாருங்கள். மச்சானுக்கு மிச்ச ஊசிகளும் தேவைப்படாது.

குண்டனுக்கு எவ்வளவு நிறைவு என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மாதமாகத் தானாக எழாத நாய், எழுந்தது. தள்ளாடிப் போய் மச்சானின் காயத்தை நக்கியது. பிறகு அவருக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டு, என்னைப் பார்த்து உறுமியது.

நன்றிதான் சொன்னது, டாக்டர். அதன் பாஷை எனக்குத்தான் தெரியும்.