இருபத்தேழாம் தேதிக் கட்டம்

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். உங்கள் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கடிகாரம் இடப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கிறது. நாற்காலியில் ஏறி அதை நேராக்கிவிட்டு வந்தால் இன்னும் நிம்மதியாகப் பேசுவேன். வேண்டாமா, சரி. நான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

என்னை முரடன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அலுவலகத்தில் எனக்கு 'நூல்' என்று பட்டப்பெயர். நூல் பிடித்ததுபோல் வேலை செய்வேன் என்பதால் வந்தது. மென்பொருள் திரைகளைச் செய்வது என் தொழில். பொத்தான், பட்டியல், காலண்டர், இப்படி. ஒரு கோடு ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. இது ஒரு வியாதி என்பாள் என் மனைவி. "விடும்மா, மாப்ளைக்கு வேலைல அவ்வளவு அக்கறை" என்பார் மாமா, அதாவது அவளுடைய அப்பா. அவர் எங்களோடுதான் இருந்தார். அந்த வீட்டில் எனக்காகப் பரிந்து பேசுகிற ஒரே ஆள். எங்களுக்குள் எந்தப் பகையும் இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். ஒரு வாடிக்கையாளர் தன்னுடைய மென்பொருளுக்கு ஒரு காலண்டர் கேட்டார். எல்லாருடைய போனிலும் இருக்கிறதே அந்தப் பிரபலமான காலண்டர், அதைப் போலவே இருக்க வேண்டும் என்றார். மேனேஜர் தன் போனில் இருந்த ஒரு பழைய மாதத்தை அப்படியே படமெடுத்து அவருக்கு அனுப்பினார். அவரும் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார். படம் என் கைக்கு வந்தது.

"இதாம்பா. இதுல ஒரு புள்ளி மாறக்கூடாது" என்றார் மேனேஜர்.

ஒரு பேச்சுக்குச் சொன்னதாக அவர் இப்போது உங்களிடம் சொல்லியிருப்பார். பேச்சுக்குச் சொல்கிற பேச்சு எது, நிஜமான பேச்சு எது என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சோதனைக்காகக்கூடப் பொய்யான தகவலைத் திரையில் போடக் கூடாது. முன்பு ஒருவன் விளையாட்டாக 'மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்கணும்' என்று ஒரு கட்டத்தில் நிரப்பி வைத்திருந்தான். அழிக்க மறந்துவிட்டோம். திரையைப் பார்க்க வந்த வாடிக்கையாளர் தலையில் மருந்துக்கும் ஒரு முடி கிடையாது. அந்த வேலை கைவிட்டுப் போனது. அன்றிலிருந்து யாராவது ஒருவருடைய சொந்தக் காலண்டரை இணைத்துத்தான் சோதிப்போம். நடந்ததும் நடக்கப்போவதும் மட்டுமே திரையில் வரலாம். நான் என் வீட்டுக் காலண்டரை இணைத்தேன். எனக்கு மறைக்க ஒன்றும் இருந்ததில்லை.

சோதிக்கிற பெண்ணை எல்லாரும் 'சல்லடை' என்று கூப்பிடுவோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். படத்தின் மேல் என் திரையை வைத்து, எங்கெல்லாம் வித்தியாசமோ அங்கெல்லாம் சிவப்பு காட்டுகிற ஒரு கருவி அவளிடம் இருந்தது. முதல் தடவை திரை முழுக்கச் சிவப்பு. நிறங்களைச் சரிசெய்தேன், எழுத்தின் தடிமனைச் சரிசெய்தேன், கோடுகளை நகர்த்தினேன். அதன் பிறகு பார்த்தால் என் மாதம் காலியாக இருந்தது, ஐயா. மேனேஜரின் மாதத்தில் பல் டாக்டர் இருந்தார், அக்கா வந்து தங்கியிருந்தாள், மாமனாருக்குப் பிறந்தநாள் இருந்தது. என் மாதத்தில் 'முடி வெட்ட' என்று ஒன்றுதான் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் படத்தை மாற்றச் சொல்லியிருப்பார்கள். நான் மாதத்தை மாற்றினேன்.

படத்தில் மாதம் திங்கட்கிழமை தொடங்கி முப்பதோடு முடிந்தது. எங்களுக்கு வரவிருந்த மாதமும் அப்படியே அமைந்திருந்தது. மாதமே ஒத்துழைக்கும்போது மனிதர்கள் ஒத்துழைக்க மாட்டார்களா என்று நினைத்தேன்.

நாலாம் தேதிக் கட்டத்தில் 'பல் பிடுங்க' என்று இருந்தது. டாக்டர் என் வாயைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாப் பல்லும் கல்லு மாதிரி இருக்கு. எதப் பிடுங்கச் சொல்றீங்க?"

"உங்க இஷ்டம் டாக்டர். ஆனா இன்னைக்கே பிடுங்கணும்."

அவர் மறுத்தார், நான் கெஞ்சினேன், கடைசியில் பிடுங்கினார். வலித்தது. ஆனால் அந்தக் கட்டம் படத்தோடு ஒட்டிக்கொண்டபோது வலி பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு பச்சைப் பட்டை, 'அக்கா வருகை'. என் அக்காவைக் கூப்பிட்டேன். வருஷக்கணக்காகக் கூப்பிடாத தம்பி கூப்பிட்டானே என்று அவள் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். பதினொன்றாம் தேதி சாயங்காலம், இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

"என்னடா, பெட்டிய நீயே கட்டி வாசல்ல வெச்சிருக்க?"

"பட்டை பதினொண்ணோட முடியுதுக்கா."

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பேசும்படி படத்திலும் எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் தேதி மாமனார் பிறந்தநாள். மாமாவிடம் முன்கூட்டியே சொன்னேன்.

"எனக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கே மாப்ளே" என்றார்.

"இந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே வெச்சுக்கலாம் மாமா."

சிரித்தார். பிறகு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கேக் வெட்டினார். "சரியான தேதில யாரும் எனக்கு இது வரைக்கும் கொண்டாடினதில்ல. நீங்க தப்பான தேதிலயாவது கொண்டாடினீங்களே, எனக்கு அதுவே போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும். மாமாவை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அன்றைக்கு அவருக்கு என் வேலையைக் காட்டினேன். அவருடைய கண்ணாடி பழசு, கீறல் விழுந்தது. மாற்ற வேண்டும், ஒரு சனிக்கிழமை கூட்டிப்போங்கள் என்று என் மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தாள். மாமா படத்தையும் என் திரையையும் மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே மாப்ளே?"

"இருபத்தேழ பாருங்க மாமா."

படத்தில் இருபத்தேழாம் தேதி ஒரு சாம்பல் நிறக் கட்டம் இருந்தது. 'இறுதிச் சடங்கு, 10 மணி.' ஓரத்தில் குட்டியாக ஒரு மணிச் சின்னம். மேனேஜரின் உறவில் யாரோ போயிருக்கிறார்கள். என் கட்டத்தில் வேறு ஏதோ இருந்தது.

"அட, இது ஒரு விஷயமா? கிட்டத்தட்ட ஒண்ணுதான். இத்தோட விட்டுட்டுத் தூங்குங்க" என்றார்.

கிட்டத்தட்ட என்ற சொல்லை நான் என் வாயால் சொல்வதில்லை, ஐயா. மாமா சொன்னதால் பொறுத்துக்கொண்டேன்.

யாராவது தானாகவே போவார்களா என்று காத்திருந்தும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த நோயாளிகள் அத்தனை பேரையும் விசாரித்தேன். எல்லாரும் தேறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தேதியை நினைவுபடுத்திவிட்டு வந்தேன். ஒரே வாரத்தில் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். அது மட்டுமல்ல, முன்பின் தெரியாதவரின் சாவை என் வீட்டுக் காலண்டரில் போட்டால் அது பொய்யான தகவல் ஆகிவிடும். என் வீட்டுச் சாவாக இருந்தால்தான் விதிக்குப் பொருந்தும். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மனைவி மேல் எனக்கு உயிர். நான் போய்விட்டால் மிச்ச வேலையை முடிக்க ஆள் இல்லை.

மணிச் சின்னம்தான் என்னை யோசிக்க வைத்தது. அது வர வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாக நினைவூட்டல் வைக்க வேண்டும். அதாவது, சடங்கை முன்கூட்டியே காலண்டரில் எழுதிவிட வேண்டும். நடக்காததை எழுதுவது பொய்யல்லவா என்று எனக்கே முதலில் தயக்கம். பிறகு தெளிந்தேன். காலண்டரில் வரப்போவதை எழுதுவது பொய்யாகாது. எழுதிவிட்டு அதன்படி நடந்துகொள்ளாமல் இருப்பதுதான் பொய்.

இருபத்தாறாம் தேதி காலை நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனைவியின் போன் ஒலித்தது. வீட்டுக் காலண்டர் அவள் போனிலும் இருக்கிறது என்பதை நான் மறந்துவிட்டேன். இந்த வேலை முழுவதிலும் நான் செய்த ஒரே கவனக்குறைவு அது.

"ஏங்க, நாளைக்குப் பத்து மணிக்கு இறுதிச் சடங்குன்னு வருது. யாருக்குங்க?"

"ஆபீஸ் வேலைம்மா அது."

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "தெரிஞ்சவங்களா மாப்ளே? நானும் வரணுமா?"

"நீங்க இல்லாம எப்படி மாமா" என்றேன்.

"அப்ப அந்த வெள்ளைச் சட்டைய எடுத்து வெக்கிறேன்" என்றார்.

காய்ந்த துணிகளை எடுக்க மாமா தினமும் பொழுது சாயும்போது மொட்டைமாடிக்குப் போவார். மாடிப்படி விளக்கைக் கழற்றியது நான்தான். மேலிருந்து மூன்றாவது படியில் எண்ணெய் ஊற்றியதும் நான்தான். பிறகு துடைத்ததும் நான்தான், ஏனென்றால் கறை இருந்தால் எனக்குப் பொறுக்காது. அவர் அலறவில்லை. "மாப்ளே" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். நான் கீழே கூடத்தில்தான் நின்றிருந்தேன். போகவில்லை.

வயதானவர், இருட்டு, படி என்று சொன்னதை, உடலைப் பார்க்க வந்த டாக்டர் நம்பினார். மறுநாள் வண்டி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. அதைத் தெருமுனையிலேயே நிறுத்திவைக்கச் சொன்னேன். சரியாகப் பத்துக்குத் தொடங்கியது. என் மனைவி அழுததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. துக்கத்துக்கு வந்திருந்த மேனேஜரை ஓரமாக அழைத்துப் போனைக் காட்டினேன். படத்தில் உள்ளது அத்தனையும் என் மாதத்திலும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே கிடத்தியிருந்த மாமாவைப் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். செய்த வேலையைப் பாராட்டத் தெரியாத மனிதர். அவரும் என் மனைவியும் ஒன்றாக உங்களிடம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். வருத்தமில்லை.

ஆம், மாமாவை நான்தான் கொன்றேன். அதில் சந்தேகம் வேண்டாம். நீங்கள் கேட்ட மற்றதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சல்லடை உங்களிடம் சொன்னது உண்மைதான். பத்தொன்பதாம் தேதியே அவள் என் மேசைக்கு வந்தாள்.

"உள்ள இருக்கிற எழுத்த நான் பாக்கறதே இல்ல சார். நிறமும் அளவும்தான் கணக்கு. இருபத்தேழுல அந்தச் சாம்பல் கட்டத்தோட மூலை மட்டும் இன்னும் கொஞ்சம் வளையணும்" என்றாள்.

ஒரே வரி. அவள் நின்றுகொண்டிருக்கும்போதே திருத்தினேன். சிவப்பு போய்விட்டது. எல்லாம் பாஸ் என்று சொல்லி, கைகொடுத்துவிட்டுப் போனாள். அப்போது அந்தக் கட்டத்துக்குள் இருந்தது, 'மாமாவுக்குக் கண்ணாடி, 10 மணி.' நான்தான் எழுதியிருந்தேன். அதை அழித்ததும் நான்தான்.

அப்படியே விட்டிருக்கலாமே என்கிறீர்கள். அச்சு அசல் மாமா மாதிரியே பேசுகிறீர்கள், ஐயா.