கிட்னின்னு சொல்லு

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் தன் தம்பி மனைவியிடம் சொன்னாள்:

"உன் புருஷனுக்கு என்னன்னு யாராவது கேட்டா கிட்னின்னு சொல்லு, சாந்தி. மனசு சரியில்லன்னு மட்டும் சொல்லிடாத."

"அவருக்குக் கிட்னி நல்லாத்தானே இருக்கு, அண்ணி?"

"இருக்கட்டுமே. கிட்னின்னா ஆப்பிள் வாங்கிட்டு வந்து பாப்பாங்க. இதுன்னா என் பொண்ணுக்கு வர்ற வரனும் நின்னு போயிடும்."

"அவரே ஆபீஸ்ல சொல்லிட்டாரு. மனநல டாக்டர் குடுத்த மாத்திரை சாப்பிடறேன், இப்பத்தான் நல்லா தூங்கறேன்னு."

"ஐயோ! வேலை போச்சா?"

"இல்ல. மேனேஜர் கதவைச் சாத்திட்டு டாக்டர் நம்பரை வாங்கிக்கிட்டாராம். யாரோ ஃப்ரெண்டுக்காம். சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஃப்ரெண்டு இருந்தாங்களாம்."

பஸ் காவிரிப் பாலத்தைக் கடந்தது. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கும் கொஞ்ச நாளா காலையில எந்திரிக்கவே பிடிக்கல, சாந்தி. அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு சும்மா அழறேன்."

சாந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு அவர்கூட நீங்களும் டாக்டர்கிட்ட வாங்க, அண்ணி."

"வரேன். ஆனா எங்க வீட்டுக்காரர்கிட்ட மூட்டு வலின்னு சொல்லிடு."