வாங்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன்

கூட்டம் நீண்டால் எனக்குப் பிடிக்காது, சார். தேநீரைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவுக்குத் தலைவனாக இத்தனை வருடம் அப்படித்தான் காலம் தள்ளினேன். தேர்வு மென்பொருள் விஷயம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

பழைய மென்பொருள் படுத்துவிட்டது. புதிதாக ஒன்றை வெளியில் வாங்குவதா, நாமே எழுதிக்கொள்வதா என்பதுதான் கேள்வி. வாங்கிவிடலாம் என்றேன் நான். நாமே எழுதலாம் என்றான் என் தம்பி. அவனும் என் பிரிவில்தான் வேலை பார்த்தான்.

"நம்ம பரீட்சை முறை நமக்குத்தாண்ணா தெரியும். வெளியில வாங்கினா சின்ன மாத்தத்துக்குக்கூட அவங்க வாசல்ல போய் நிக்கணும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. பதிவாளர் மட்டும் எல்லார் முன்னாலும், "உங்க தம்பி சொல்றதுதான் சரியாப் படுது" என்று சொல்லாமல் இருந்திருந்தால், நானும் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன்.

அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவன் நான். இந்த வேலைக்குக் கூட்டிவந்தவனும் நான். கொஞ்ச நாளிலேயே, யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் அறையைத் தாண்டி அவன் மேசைக்குப் போக ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பதிவாளர் சொல்லி அவனே எழுத ஆரம்பித்து, சோறு தண்ணி இல்லாமல் அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டியதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. வாங்கிவிட்டால் பையன் நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தேன்.

எழுதி முடித்ததும் வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தோம். பொய்ப் பெயர்களை உட்கார்ந்து யோசிப்பானேன், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் நிஜ மாணவர் பட்டியலையே போடு என்றேன். மதிப்பெண்கள் மட்டும் மனம்போனபடி போட்ட எண்கள். அந்த முடிவுகள் மாணவர்களின் கைபேசிக்குப் போய்விடாதபடி அவன் ஒரு தடுப்பு வைத்திருந்தான். அவன் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடவுச்சொல் எங்கள் அம்மாவின் பெயர். அதை மாற்றச் சொல்லி எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன், கேட்டால்தானே. தடுப்பை எடுத்துவிட்டேன்.

நாலு பேர் வந்து கத்துவார்கள், பதிவாளர் மிரண்டுபோய் வெளியிலேயே வாங்கிவிடலாம் என்பார். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். வெள்ளோட்டத்தில் பொய் முடிவுகள் மாணவர்களுக்குப் போய்விட்டது தெரிந்ததும் தம்பி பதறியடித்துக்கொண்டு, வந்த செய்தி தவறானது என்று எல்லாருக்கும் திருத்தம் அனுப்பினான். எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் பார்க்கவில்லை. அவளுக்கு முதலில் போன செய்தியில் எல்லாப் பாடத்திலும் தோல்வி. கைபேசியை விடுதி அறையிலேயே போட்டுவிட்டு எங்கோ போயிருந்தாள். மறுநாள் உடலாகத்தான் வந்தாள்.

அவளுடைய அம்மா தையல்காரி. மகளின் கைபேசியை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"ரெண்டாவதா வந்ததுதானே நெஜம்? அப்ப எம்பொண்ணு பாஸுதானே?"

அவளுடைய உண்மையான மதிப்பெண்களைத் தம்பி ஏற்கெனவே எடுத்துப் பார்த்திருந்தான். "பாஸும்மா" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மாள் அவனைத் திட்டக்கூட இல்லை. நான் அழுதேன், சார். அது நடிப்பில்லை.

"தடுப்பைப் போட்டேன்னுதாண்ணா ஞாபகம். எப்படி மறந்தேன்?"

"விடுடா. மனுஷனுக்கு மறதி வராதா?" என்று அவன் தோளில் கை போட்டேன்.

மென்பொருளை வெளியிலேயே வாங்கினோம். நன்றாகத்தான் ஓடுகிறது. சின்ன மாற்றத்துக்கும் அவர்கள் வாசலில்தான் போய் நிற்கிறோம். தம்பி வேலையை விட்டுவிட்டு என் வீட்டோடு இருக்கிறான். கணினி இருக்கும் அறைப் பக்கமே போவதில்லை. என் மனைவி தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் ஒரு வாய் சாப்பிடுவான். சட்டையை எடுத்தால்கூட, "இதைப் போட்டுக்கவாண்ணா?" என்று கேட்கிறான்.

தப்பு தன்னுடையது என்று நேற்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து உங்களிடம் சொன்னானாமே, அதை நம்பாதீர்கள். தடுப்பை எடுத்தவன் நான். அந்தப் பெண்ணைக் கொன்றவன் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த அம்மாளிடமும் நானே போய்ச் சொல்கிறேன்.

தம்பியிடம் மட்டும் சொல்ல வேண்டாம், சார். இப்போதுதான் அவன் எதையும் என்னைக் கேட்டுச் செய்கிறான்.